பதிவுப் புத்தகத்தில் இல்லாத பெயர்கள்

பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று விலைக்கு வருகிறது, வாங்கலாமா என்று என்னிடம் கேட்பவர்கள் அண்மைக் காலத்தில் அதிகரித்திருக்கிறார்கள். ரொறன்ரோவிலிருந்தும் மெல்பேர்னிலிருந்தும் ஊர் திரும்பி, பண்டாரவளைப் பக்கம் ஒரு வீட்டைக் கட்டி, அதன் வாசலில் துரைமார் காலத்து எம்.ஜி. ஒன்றை நிறுத்திப் பார்க்க ஆசைப்படுவோர் அவர்களில் பலர். நான் மெக்கானிக் அல்லன். பத்திரிகைத் தொழிலில் நாற்பது ஆண்டுகளைக் கழித்தவன். ஆயினும் ஊவாவின் தோட்டங்களில் செய்தி தேடி அலைந்த காலத்தில், தோட்டத்து டிரைவர்களுடனும் கராஜ் பாஸ்மாருடனும் பேசிக் கழித்த பொழுதுகள் ஏராளம். அவர்களிடம் கேட்டறிந்ததையும் நூல்களில் படித்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

காரைப் பார்க்கச் செல்பவர்கள் முதலில் குனிந்து பார்ப்பது மைல் மீற்றரை. அறுபது வயதான ஒரு காரைப் பொறுத்தவரை அந்த எண்ணுக்குப் பெரிய பொருளில்லை. ஐந்து இலக்கங்கள் மட்டுமே கொண்ட பழைய மீற்றர் ஒரு இலட்சம் மைலைத் தாண்டியதும் மீண்டும் பூச்சியத்துக்கு வந்துவிடும். அது எத்தனை முறை அவ்வாறு வந்தது என்பதை யாரும் எழுதி வைப்பதில்லை. கேட்க வேண்டிய கேள்வி, அந்த எஞ்சின் யார் கையில் இருந்தது என்பதே. ஊவாவின் கார்களைப் பற்றி அக்கேள்வியைக் கேட்டால் விடை நம்மை மலையகத் தமிழரின் வரலாற்றுக்குள் கொண்டுபோய் விடுகிறது.

இலங்கைக்கு முதலாவது மோட்டார் கார் வந்தது 1902-ஆம் ஆண்டில். இரண்டு ஆண்டுகளுக்குள், 1904-இல், மோட்டார்க்காரர்களுக்கென ஒரு சங்கமே தோன்றிவிட்டது. அக்காலத்தில் பதுளை எளிதில் சென்றடையக்கூடிய ஊர் அல்ல. ஊவா தனி மாகாணமாக்கப்பட்டது 1886-இல். ரயில் பாதை 1890-களில் அப்புத்தளைக்கும் பண்டாரவளைக்கும் வந்து சேர்ந்ததெனினும், தெமோதரையின் வளையத்தையும் ஒன்பது வளைவுப் பாலத்தையும் கடந்து பதுளையை எட்ட 1924 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆகவே, தோட்டத்துக்கும் நகரத்துக்கும் இடையில் துரைமாருக்குக் காரின் தேவை இருந்தது. பெரிய துரையிடம் கார், சின்னத் துரையிடம் மோட்டார் சைக்கிள் என்பது ஏறத்தாழ எழுதப்படாத சட்டம். பதுளையின் ஊவா கிளப்புக்கும் 1893-இல் கட்டப்பட்ட பண்டாரவளை ஹோட்டலுக்கும் மாலை வேளைகளில் இந்த வாகனங்கள் வந்து கூடின.

தேவை இருந்த இடத்தில் விளையாட்டும் முளைத்தது. நுவரெலியாவின் மகாகஸ்தொட்டத் தோட்டத்து மலைப்பாதையில் 1934-இல் கார்களுக்கும் மோட்டார் சைக்கிள்களுக்கும் மலையேற்றப் போட்டி தொடங்கியது. ஏப்ரல் வசந்த காலத்துக்கு ஊவாவிலிருந்தும் துரைமார் வெலிமடை வழியாக மலையேறிச் சென்றார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் வந்த எம்.ஜி. டி.டி., எம்.ஜி.ஏ., ட்ரையம்ப் டி.ஆர். வகைகள், ஒஸ்டின் ஹீலி ஸ்பிரைட் போன்ற இருவர் அமரும் சிறிய கார்கள் இந்தச் சூழலில்தான் மலைநாட்டுக்கு வந்தன. எண்ணிக்கையில் சிலவே. ஆனால் தேயிலைக்கு நடுவே மூடி திறந்த காரில் போகும் துரையை ஒரு முறை கண்ட சிறுவன் ஆயுளுக்கும் மறக்கமாட்டான்.

அந்தக் காரை ஓட்டிப் பார்த்தவர் துரை. காப்பாற்றியவர் வேறொருவர்.

தேயிலைத் தொழிற்சாலையை நம் மக்கள் 'ஸ்டோர்' என்பார்கள். அங்கே உருளைகளையும் சிரோக்கோ உலர்த்திகளையும் இயக்குவதற்கு எண்ணெய் எஞ்சின்கள் இருந்தன. அவற்றைப் பார்த்துக்கொள்வதற்கென எஞ்சின் டிரைவர் ஒருவர் இருந்தார். கொழுந்து வந்து குவியும் பருவத்தில் எஞ்சின் நின்றால் அன்றைய தேயிலை பாழ். ஆகையால் ஸ்டோர் எஞ்சினுக்கு நாள் தவறாத பராமரிப்பு உண்டு: இத்தனை மணி நேரத்துக்கு ஒரு முறை ஒயில், இத்தனை நாளுக்கு ஒரு முறை வடிகட்டி, ஒலி மாறினால் உடனே நிறுத்திப் பார்த்தல். இந்தப் பழக்கம் பங்களாவின் கார் கொட்டகைக்கும் வந்தது. துரையின் டிரைவருக்கு ஸ்டோரின் பிட்டர் மைத்துனராகவோ அயல் லயத்துக்காரராகவோ இருப்பார். காருக்கு ஒரு புஷ் தேய்ந்தால் ஸ்டோரின் கடைசல் இயந்திரத்தில் அது கடையப்படும். நகரத்துக் கராஜில் சிங்கள பாஸ் ஒருவர் ஹெட்டை இறக்கி வால்வு அரைத்துக் கொடுப்பார். ஒரு பழைய காரின் பின்னால் இப்படி மூன்று நான்கு பேரின் கைகள் இருந்தன.

ஊவாவில் அவர்களுக்கு ஒரு தனிக் கவலை இருந்தது. அது கச்சான் காற்று. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் மேற்குச் சரிவுகளில் மழை கொட்டும்போது, மலைக்கு இப்பால் ஊவாவில் காற்று வறண்டு வீசும். ஊவாத் தேயிலைக்கு உலகப் புகழ் பெற்றுத்தரும் அதே காற்று, தோட்டப் பாதைகளின் செம்மண் புழுதியையும் கிளப்பிவிடும். பிரித்தானிய ஸ்போர்ட்ஸ் கார்கள் பலவற்றின் காற்று வடிகட்டி, ஒயிலில் நனைத்த கம்பி வலை மட்டுமே. புழுதி உள்ளே போனால் சிலிண்டர் சுவருக்கும் பிஸ்டன் ரிங்குகளுக்கும் இடையே உப்புத்தாள் வைத்துத் தேய்த்ததற்குச் சமம். கச்சான் பருவத்தில் வாரத்துக்கு ஒரு முறை வடிகட்டியை மண்ணெண்ணெயில் கழுவி, உலர்த்தி, ஒயில் தோய்த்து மாட்டுவது பழைய டிரைவர்களின் வழக்கம் என்று பலரும் எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். கழுவிய காரும் கழுவாத காரும் ஒரே மைலில் ஒரே வயதுடையவை ஆகா.

இனி, இந்த எஞ்சின்கள் இவ்வளவு காலம் நிலைத்ததற்கு இன்னொரு காரணம். அது அரசியல்.

1960-களின் தொடக்கத்தில் அன்னியச் செலாவணி நெருக்கடி முற்றியபோது கார் இறக்குமதிக்குக் கதவு ஏறக்குறைய அடைபட்டது. 1970-77 காலத்தில் உதிரிப்பாகங்களுக்கும் தட்டுப்பாடு நிலவியது. புதிய கார் வராது, பழையது சாகவும் கூடாது. இந்த நிலையில் கைகொடுத்தது, வெளிப்பார்வைக்குத் தெரியாத ஓர் உறவுமுறை. 1958-இல் வெளிவந்த ஸ்பிரைட் ஸ்போர்ட்ஸ் காரின் எஞ்சின், அரசாங்க எழுதுவினைஞரும் தோட்டத்து டாக்டர் ஐயாவும் ஓட்டிய மொரிஸ் மைனரின் எஞ்சினே. இரண்டும் 948 சி.சி. கொண்ட ஏ வரிசை எஞ்சின்கள். மைனரில் ஒரு கார்புரேட்டர், ஸ்பிரைட்டில் இரண்டு. வால்வுகளும் ஸ்பிரிங்குகளும் சற்று உறுதியானவை. மைனருக்கு 37 குதிரைவலு, ஸ்பிரைட்டுக்கு 43. வித்தியாசம் அவ்வளவே. எம்.ஜி.ஏ.யின் 1489 சி.சி. எஞ்சின், பதுளை பஸ் நிலையத்தருகே வாடகைக்கு நின்ற ஒஸ்டின் கேம்பிரிட்ஜின் பி வரிசையைச் சேர்ந்தது. ட்ரையம்ப் டி.ஆர். 2-இன் கதை இன்னும் வேடிக்கையானது. அதன் 1991 சி.சி. எஞ்சின் ஸ்டாண்டர்ட் வான்கார்ட் காரிலிருந்து வந்தது. அதற்கு நெருங்கிய உறவான எஞ்சின்தான் சாம்பல் நிற பெர்குசன் டிராக்டரிலும் இருந்தது. வயலில் உழுத எஞ்சினின் தம்பியை வைத்துத்தான் துரை காற்றைக் கிழித்துப் போனார்!

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்குவோர் இந்தக் குடும்ப உறவை அறிந்திருத்தல் நல்லது. மொரிஸ் மைனர் இலங்கையில் பல்லாயிரக்கணக்கில் ஓடிய கார். அதன் பெயரிங், கேஸ்கட், வால்வு ஆகியவற்றுக்கு இன்றும் பஞ்சமில்லை. அதன் உதிரிப்பாகங்களை இலங்கையிலேயே செய்து பிரித்தானியாவுக்கு ஏற்றுமதி செய்த காலமும் உண்டு. ஆகவே ஸ்பிரைட்டின் எஞ்சினைக் காப்பாற்றலாம். எண்ணிக்கையில் அருகிய ஓர் எஞ்சின் எவ்வளவு ஆரோக்கியமாக ஒலித்தாலும், ஒரு கேஸ்கட்டுக்கு ஆறு மாதம் காத்திருக்கும் பொறுமை உங்களுக்கு உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இந்த உறவால் ஒரு கேடும் உண்டு. இறக்குமதி அடைபட்ட காலத்தில் ஸ்பிரைட்டின் எஞ்சின் பழுதானால் மைனரின் எஞ்சினைத் தூக்கி வைத்துவிடுவார்கள். கார் ஓடும், ஓட்டத்தில் பெரிய பேதம் தெரியாது. எஞ்சின் இலக்கத்தையும் செசி இலக்கத்தையும் பதிவுப் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் பணம் கொடுப்பவர்கள் மைனருக்கு ஸ்பிரைட்டின் விலையைக் கொடுத்தவர்கள் ஆகிறார்கள்.

இலக்கத் தகடும் ஒரு வரலாற்று ஆவணமே. 1957-க்கு முந்திய கார்களில் சிலோன் என்ற ஆங்கிலப் பெயரின் எழுத்துகளைக் கொண்டு அமைத்த சீ.ஈ., சீ.எல்., சீ.என்., ஈ.எல்., ஈ.என். போன்ற இரட்டை எழுத்துகள் இருக்கும். 1957 தொடக்கம் சிங்கள 'ஸ்ரீ' எழுத்து வந்தது. தமிழர் பகுதிகளில் அந்த எழுத்துக்குத் தார் பூசிய போராட்டம் 1958-இல் மலையகத்திலும் எதிரொலித்தது. அவ்வாண்டு ஏப்ரல் முதலாம் திகதி பொகவந்தலாவையில் பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டில் தோட்டத் தொழிலாளர் இருவர் உயிரிழந்தனர். இன்று ஏலங்களில் 'அசல் ஸ்ரீ இலக்கம்' என்று பெருமையாக விளம்பரம் செய்யப்படும்போது எனக்கு அந்த இருவரின் நினைவு வருவதுண்டு. 2000-ஆம் ஆண்டு முதல் ஆங்கில எழுத்துகளோடு மாகாணக் குறியும் சேர்ந்தது; ஊவாவுக்கு யூ.பி. என்பது குறியாக இருந்தது. வாங்குவோர் கவனிக்க வேண்டியது: தகடு சொல்வது பதிவு செய்த காலத்தை மட்டுமே. கார் உற்பத்தியான ஆண்டைச் செசி இலக்கம்தான் சொல்லும்.

பதிவுப் புத்தகத்தில் முந்திய உரிமையாளர்களின் பெயர்கள் வரிசையாக இருக்கும். ஒரு ஸ்கொட்லாந்துக்காரர், ஓர் ஆங்கிலேயர், பின்னர் கொழும்பிலிருந்து வந்த ஒரு சிங்களத் துரை, அதன் பின்னர் பதுளையின் ஒரு வர்த்தகர் என்று. முப்பது ஆண்டுகள் அதன் ஒயிலை மாற்றியவரின் பெயர் அதில் இராது. இருக்கவும் முடியாது, அவர் உரிமையாளர் அல்லவே! ஆனால் அந்த டிரைவரின் பெயர் வேறொரு பதிவேட்டிலும் இல்லை என்பதுதான் வேதனை. 1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பான்மையினரை நாடற்றவர்களாக்கியது. துரையின் காருக்கு அரசாங்கத்தின் பதிவு இருந்தது. அதன் சாவியைச் சட்டைப்பையில் வைத்திருந்தவருக்கு இல்லை.

1964 அக்டோபர் 30-ஆம் திகதி கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், அவர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்றும் 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை வழங்குவதென்றும் தீர்மானித்தது. எஞ்சிய 1,50,000 பேரின் தலைவிதி 1974-இல் பாதிக்குப் பாதியாகப் பங்கிடப்பட்டது. பிள்ளைகளோடும் தகரப் பெட்டிகளோடும் பதுளையில் ரயிலேறித் தலைமன்னாரில் கப்பல் ஏறியவர்களில் டிரைவர்களும் பிட்டர்களும் இருந்தார்கள். ஏறத்தாழ அதே காலத்தில் துரைமாரும் வெளியேறினார்கள். 1972-இன் காணிச் சீர்திருத்தச் சட்டமும், கம்பனித் தோட்டங்களை அரசுடைமையாக்கிய 1975-இன் திருத்தமும் வந்தபின் பிரித்தானியர்களுக்கு இங்கே வேலையில்லை. கார்கள் கைமாறின. காரை அறிந்தவர் மண்டபம் முகாமிலும், அறியாதவர் அதன் ஆசனத்திலும் இருந்த காலம் அது. 1970-களில் கைமாறிய கார்களில் பல அடுத்த ஐந்தாறு ஆண்டுகளுக்குள் எஞ்சின் பிடித்து நின்றதாகப் பதுளைக் கராஜ்காரர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். எஞ்சிய தமிழ்க் குடும்பங்களையும் காலம் விடவில்லை. 1977-இலும், பதுளை நகரில் தமிழரின் கடைகளும் வீடுகளும் எரிந்த 1983 ஜூலை 27-இலும் அடிபட்டவர்களில் ஒரு பகுதியினர் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய்விட்டனர்.

தாயகம் திரும்பியோர் என்று அழைக்கப்படும் நம்மவர்களைப் பற்றிய கட்டுரைத் தொடர் ஒன்றுக்காக 2004-இல் நீலகிரிக்குச் சென்றிருந்தேன். கோத்தகிரிக்கு அருகே, வாடகை ஜீப் ஓட்டும் பெரியவர் ஒருவரைச் சந்தித்தேன். பசறைப் பக்கத் தோட்டம் ஒன்றில் துரையின் டிரைவராக இருந்தவர். நான் பதுளையிலிருந்து வருகிறேன் என்றதும் அவர் விசாரித்தது உறவினர்களை அல்ல. ஒரு ட்ரையம்ப் காரை. இலக்கம் அவருக்கு மனப்பாடம். இரண்டாம் சிலிண்டரின் டெப்பட் மட்டும் எப்போதும் கொஞ்சம் தட்டும், அதை இறுக்கக் கூடாது, இறுக்கினால் வால்வு எரிந்துவிடும் என்று எனக்கு விளக்கினார். அந்தக் காரை அவர் கண்ணால் பார்த்து முப்பது ஆண்டுகள் கழிந்திருந்தன. ஊர் திரும்பியதும் தேடிப் பார்த்தேன். 1980-களில் கொழும்புக்கு விற்கப்பட்டதாகச் சொன்னார்கள். அதற்கு மேல் தடயமில்லை. டெப்பட்டை யாரோ இறுக்கியிருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

இந்தப் பெரியவர்களிடம் நான் கற்றதில் மிகப் பயனுள்ளது, காரைப் பரிசோதிக்கும் முறை. கொழும்பில் காலி வீதியில் ஓட்டிப் பார்த்தால் எஞ்சின் எதையும் சொல்லாது. மலை சொல்லிவிடும். பதுளை ஏறத்தாழ 680 மீற்றர் உயரத்திலும், பண்டாரவளை 1,200 மீற்றருக்குச் சற்று மேலும், அப்புத்தளை 1,430 மீற்றரிலும் உள்ளன. உயரம் கூடக் கூடக் காற்று மெலிந்து, ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் எஞ்சின் தன் வலுவில் ஏறத்தாழ 3 சதவீதத்தை இழக்கும். அப்புத்தளையில் ஏழில் ஒரு பங்கு வலு போய்விடுகிறது. காற்றுக் குறைய, கார்புரேட்டர் விடும் பெற்றோலின் பங்கு மிகும். மிகுந்த பெற்றோல் சிலிண்டர் சுவரின் ஒயிலைக் கழுவிவிடும். மலைநாட்டிலேயே வாழ்ந்த காருக்குக் கார்புரேட்டர் ஊசியை மாற்றியிருக்கிறார்களா, குறைந்தது கலவையையாவது திருத்தியிருக்கிறார்களா என்று கேட்பது இதனால்தான். தண்ணீரும் அப்புத்தளையில் 95 பாகை அளவிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டரின் அழுத்த மூடி பழுதாயிருந்தால் ஏற்றத்தில் ஆவி பறக்கும். அதை மறைக்க விற்பவர்கள் காரை எப்போதும் இறக்கத்தில் காட்டுவார்கள்.

காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது போங்கள். நீங்கள் வருவதற்கு முன்பே சூடாக்கி வைத்திருந்தால் ஏதோ இருக்கிறது என்று கொள்க. முதல் முறை கிளப்பும்போது ஒயில் அழுத்த முள் எவ்வளவு விரைவில் எழுகிறது என்று பாருங்கள். பிறகு ஹாலிஎலவிலிருந்து பண்டாரவளைக்கு ஏறுங்கள். ஏற்றத்தில் மூன்றாம் கியரில் பாரம் கொடுக்கும்போது அடியிலிருந்து ஆழ்ந்த தட்டல் கேட்டால் பெயரிங். தொடர்ச்சியாக நீலப் புகை வந்தால் பிஸ்டன் ரிங். அப்புத்தளை கடந்து பெரகலையில் கொஸ்லாந்தைப் பக்கம் திரும்பினால் நெடிய இறக்கம். அங்கே காலை எடுத்துவிட்டு எஞ்சினின் பிடிப்பிலேயே சில நிமிடம் இறங்குங்கள். அப்போது சிலிண்டருக்குள் ஏற்படும் வெற்றிடம், தேய்ந்த வால்வு வழிகாட்டிகளினூடாக ஒயிலை உறிஞ்சும். அடிவாரத்தில் மீண்டும் அக்சிலரேட்டரை மிதிக்கையில் பின்னால் ஒரு நீல மேகம் எழுந்து மறைந்தால், வேலை ஹெட்டில், ரிங்குகள் தப்பியிருக்கலாம். ஹெட் வேலைக்கும் முழு எஞ்சின் வேலைக்கும் செலவில் உள்ள வித்தியாசத்தை நான் சொல்ல வேண்டியதில்லை. திரும்பி வந்ததும் சூடான எஞ்சினில் ஒயில் முள் எங்கே நிற்கிறது என்று மீண்டும் பாருங்கள். சூட்டில் அது படுத்துவிடுகிறதா என்பதுதான் முக்கியம்.

இறுதியாகச் சிலிண்டர் அமுக்கச் சோதனை. நான்கு சிலிண்டர்களும் ஒன்றுக்கொன்று 10 சதவீதத்துக்குள் இருந்தால் நிம்மதி. ஒன்று குறைந்தால் அதில் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு மீண்டும் அளக்க வேண்டும். அமுக்கம் ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்து குறைந்தால் கேஸ்கட் என்று ஐயுறலாம். புத்தகத்தில் உள்ள எண் கடல் மட்டத்துக்குரியது. அப்புத்தளையில் அளந்தால் எல்லாமே குறைவாகவே காட்டும். இதை அறியாமல் நல்ல எஞ்சினை நிராகரித்தவர்களும் உண்டு.

பெற்றோலைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2002-இல் இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் நிறுத்தப்பட்டது. சுற்றாடலுக்கு நல்ல காரியம். ஆனால் பழைய வார்ப்பிரும்பு ஹெட்டுகளில் வால்வு இருக்கைகளைத் தேயாமல் காத்தது அந்த ஈயம்தான். சமவெளியில் மெதுவாக ஓடும் மைனருக்கு இதனால் பெரிய கேடில்லை. பாரம் இழுத்து மலை ஏறும் எஞ்சினுக்கு இருக்கை சிறிது சிறிதாக உள்வாங்கும். டெப்பட் இடைவெளி அடிக்கடி குறைந்துகொண்டே வருவது அதன் அறிகுறி. கடினப்படுத்திய இருக்கைகள் பொருத்திய ஹெட்டா என்று கேளுங்கள். தெரியாது என்று விற்பவர் சொன்னால் பொருத்தவில்லை என்றே வைத்துக்கொள்ளலாம். இந்த எஞ்சின்களின் சகிப்புத்தன்மையை முற்றாகச் சோதித்தவர்கள் யாழ்ப்பாணத்தார். 1990-களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் ஒஸ்டின் ஏ 40-களும் மைனர்களும் சிறிது பெற்றோலில் கிளம்பி மண்ணெண்ணெயில் ஓடின. அமுக்க விகிதம் குறைந்த எஞ்சின்கள் என்பதால் அது சாத்தியமாயிற்று. ஒயில் நீர்த்துப் போகும், அடிக்கடி மாற்ற வேண்டும், ஆயினும் ஓடின. அமுக்கம் கூடிய ஸ்போர்ட்ஸ் எஞ்சின் ஒன்று அந்த வாழ்க்கையைத் தாங்கியிராது. வடக்கிலிருந்து வந்த கார் என்றால் இதையும் விசாரித்துக்கொள்வது நல்லது.

2020 மார்ச்சில் இறக்குமதிக் கதவு மீண்டும் அடைபட்டது. தனியார் கார்களுக்கு அது திறந்தது 2025 பெப்ரவரியில். இடையில் 2022-இன் எரிபொருள் நெருக்கடி. அவ்வாண்டு ஆகஸ்டில் கியூ.ஆர். முறை தொடங்கியபோது ஒரு காருக்கு வாரத்துக்கு 20 லீற்றர். கையிலிருந்த 20 லீற்றரை யாரும் ஸ்போர்ட்ஸ் காருக்கு ஊற்றவில்லை. அவை கொட்டகைகளில் மாதக்கணக்கில் நின்றன. அவற்றில் சில 'மிகக் குறைந்த ஓட்டம்' என்ற அடைமொழியோடு பின்னர் சந்தைக்கு வந்தன. நின்ற எஞ்சினுக்கு வரும் நோய்கள் வேறு. பெற்றோல் பிசினாகிக் கார்புரேட்டரை அடைக்கும். ஒயில் சீல்கள் காய்ந்து சுருங்கும். பண்டாரவளையின் ஈரப் பனியில் சிலிண்டர் சுவர் துருப்பிடிக்கும். அப்படிப்பட்ட காரை நேரே கிளப்பிக் காட்டச் சொல்லாதீர்கள். பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் சிறிது ஒயில் விட்டு, கையால் சுழற்றிப் பார்த்த பின்னரே கிளப்ப வேண்டும்.

ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் கார்களைக் கேட்பவர்களுக்கு இதில் பாதி பொருந்தாது. தியத்தலாவையில் 1993-இல் தொடங்கிய பொக்ஸ்ஹில் ஓட்டப் போட்டி, ஊவா இளைஞர்களுக்கு இந்தக் கார்களைக் கண்ணுக்கு முன்னால் கொண்டுவந்தது. 2024 ஏப்ரல் 21-ஆம் திகதி அங்கே ஒரு கார் பாதையை விட்டு விலகிப் பார்வையாளர்களுக்குள் பாய்ந்து, ஒரு சிறுமி உட்பட ஏழு பேர் பலியான துயரத்தை ஊவா இன்னும் மறக்கவில்லை. போட்டியில் ஓடிய காரை வாங்குவதாயின், எஞ்சினுக்கு முன்னால் செசி நேராக இருக்கிறதா என்று அளக்கச் சொல்லுங்கள். மிட்சுபிஷி லான்சர் இவலூஷன் ஒன்பதாம் பதிப்பு வரை டைமிங் பெல்ட் கொண்டது. ஏறத்தாழ ஒரு இலட்சம் கிலோமீற்றருக்கு ஒரு முறை மாற்றாவிட்டால் அது அறுந்து வால்வுகளை வளைத்துவிடும். மாற்றியதற்கான பற்றுச்சீட்டு இல்லையேல் மாற்றவில்லை என்று கொண்டு அந்தச் செலவை விலையில் கழியுங்கள். 2003-இல் வெளிவந்த மஸ்டா ஆர்.எக்ஸ். 8-இன் எஞ்சினில் பிஸ்டனே கிடையாது; முக்கோணச் சுழலிகள் இரண்டு சுழல்கின்றன. ஒயிலைச் சிறிதளவு எரிப்பது அதன் இயல்பு, நோயல்ல. அதன் முனை சீல்கள் தேய்ந்தால் சூடான நிலையில் மீண்டும் கிளம்ப மறுக்கும். ஆகவே பதினைந்து நிமிடம் ஓட்டி, நிறுத்தி, பத்து நிமிடம் தேநீர் குடித்துவிட்டு மீண்டும் கிளப்பிப் பாருங்கள். அதன் அமுக்கத்தை அளக்கச் சாதாரண மானி போதாது, தனிக் கருவி வேண்டும். பதுளையின் எந்தக் கராஜில் அது இருக்கிறது என்று விசாரித்த பின்னர் முற்பணம் கொடுங்கள்.

பழைய பிரித்தானியக் காரையே விரும்புவோர், வீதிப் பரிசோதனைக்குப் போகும்போது தோட்டங்களில் டிரைவராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவரைக் கூட அழைத்துச் செல்லுங்கள். எழுபது, எண்பது வயதில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். ஹாலிஎல, தெமோதரை, லுணுகலைப் பக்கங்களில் விசாரித்தால் கிடைப்பார்கள். முன்னிருக்கையில் அமர்ந்து, பேசாமல், காதைக் கொஞ்சம் சாய்த்துக் கேட்டுக்கொண்டு வருவார்கள். அவர்களின் அரை நாளுக்குரிய கூலியைக் கேட்காமலே கொடுத்துவிடுங்கள். காரை வாங்கினால் ஒரு கொப்பி போடுங்கள்: திகதி, மைல், மாற்றிய ஒயில், செய்த வேலை, செய்தவர் பெயர். 20டபிள்யூ-50 ஒயில், பழைய டெப்பட்டுகளுக்கு வேண்டிய துத்தநாகச் சேர்மம் உள்ளதாகப் பார்த்து, மூவாயிரம் மைலுக்கு ஒரு முறை மாற்றலாம். கச்சான் காலத்தில் அதற்கும் முன்னதாக.